எண்ணிக்கொண்டே இருந்த கதவு

செடிக்கூடத்தின் நீர்ப் பம்பு ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் எந்த வரிசைக்கு எவ்வளவு தண்ணீர் விட்டது என்பதை மையக் கணினிக்குச் சொல்லவில்லை. அதன் பழைய கட்டுப்பாட்டுப் பெட்டி எரிந்துபோனதால் முந்தின நாள்தான் உமையாள் உதிரிப் பெட்டியை மாட்டியிருந்தாள். மாட்டியதிலிருந்து ஒரே மௌனம்.

உமையாளுக்குக் கணினி தொழில் இல்லை. தாவரவியல் படித்தவள். சனிக் கிரகத்தின் டைட்டன் நிலவில், மீத்தேன் கடலோரம் கட்டிய நெய்தல் நிலையத்துக்குக் கீரையும் அவரையும் உருளைக்கிழங்கும் வளர்த்துத் தருவதற்காக வந்தவள். கணினியும் தொலைத்தொடர்பும் தேவசகாயத்தின் பொறுப்பில் இருந்தன. தேவசகாயம் இறந்து பதினான்கு வருஷமாகிறது.

அது பனிநிலம் நடுங்கிய நாள். தட்டு ஆண்டெனா சாய்ந்தது. மின்சாரம் போனது. ஆண்டெனாவைத் தாங்கிப்பிடிக்க வெளியே ஓடிய தேவசகாயம் அதன் அடியிலேயே கிடந்தார். மற்றவர்கள் அவரை எடுத்துப் புதைத்தார்கள், ஆண்டெனாவை நிமிர்த்தினார்கள், மின்சாரத்தைக் கொண்டுவந்தார்கள். அனுப்பும் கருவியில் பச்சை விளக்கு எரிந்தது. பூமியைக் கூப்பிட்டார்கள். பதில் வரவில்லை. அடுத்த வாரமும் வரவில்லை. இரண்டு வருஷம் விடாமல் கூப்பிட்டார்கள்.

டைட்டனின் வானத்தில் பூமி தெரியாது. நட்சத்திரமே தெரியாது. ஆரஞ்சு நிறத்தில் மூடிக்கிடக்கும் புகைமூட்டம், அவ்வளவுதான். பூமி தங்களைக் கைவிட்டுவிட்டதா, அல்லது பூமிக்கே ஏதாவது ஆகிவிட்டதா என்று தெரிந்துகொள்ள அவர்களுக்கு வழி இல்லை. முதலாவதை நம்பியவர்கள் கோபப்பட்டார்கள். இரண்டாவதை நம்பியவர்கள் அழுதார்கள். ஓர் இளைஞன் கவசம் போடாமல் வெளிக்கதவைத் திறந்துகொண்டு போய்விட்டான். அதற்குப் பிறகு சாப்பாட்டு மேசையில் யாரும் பூமியைப் பற்றிப் பேசுவதில்லை. நிலையத் தலைவர் சுபைதா அப்படி உத்தரவு எதுவும் போடவில்லை. யாராவது பேச்செடுத்தால் தட்டோடு எழுந்து போய்விடுவாள். அதுவே போதுமாக இருந்தது.

இரண்டாம் வருஷக் கடைசியில் கூட்டம் போட்டு முடிவெடுத்தார்கள். அனுப்பும் கருவி குடிக்கிற மின்சாரம் செடிக்கூடத்தின் சூடேற்றிகளுக்கு வேண்டும். கருவியை அணைத்தார்கள். வாங்கும் கருவிக்கு ஒரு சின்ன விளக்கெரியும் செலவுதான். அதை மட்டும் அணைக்க யாருக்கும் கை வரவில்லை.

அப்புறம் குழந்தைகள் பிறந்தார்கள். நிலையம் ஊராகிவிட்டது.

பம்பு பேசாத அந்தக் காலையில் உமையாள் மையக் கணினியின் முன் உட்கார்ந்தாள். அது யூனிக்ஸ் வம்சத்தில் வந்த இயங்குதளம். கறுப்புத் திரை, துடிக்கும் ஒரு கோடு, அவ்வளவுதான். படமும் இல்லை, பொத்தானும் இல்லை. ஆனால் அதில் ஒரு தயவு இருந்தது. ஒவ்வொரு கட்டளைக்குமான கையேடு அதற்குள்ளேயே இருந்தது. சின்னச் சின்னப் பழுதுகளுக்காக அதைத் திறந்து படித்துப் படித்து, இந்தச் சில வருஷங்களில் அவளுக்கு அந்தத் திரையோடு ஒரு பழக்கம் உண்டாகியிருந்தது.

கையேடு சொன்னபடி கீழிருந்து மேலாகப் போனாள். கம்பி சரியாக இருக்கிறதா? இருக்கிறது. புதுப் பெட்டிக்கு முகவரி கிடைத்ததா? கிடைத்தது. கணினிக்கு அதை அடையும் வழி தெரியுமா? தெரியும். பெட்டியிலிருந்து கணினிக்கு 'பிங்' கொடுத்துப் பார்த்தாள். ஒரு இயந்திரம் இன்னொன்றிடம் 'இருக்கிறாயா?' என்று கேட்பதுதான் பிங். பதில் இல்லை.

அடுத்தது ஃபயர்வால். யாரை உள்ளே விடலாம், யாரை விடக்கூடாது என்ற விதிகளை அவள் இதுவரை திறந்து பார்த்ததில்லை. திறந்ததும் விஷயம் புரிந்தது. கணினி பழைய பெட்டியின் முகவரியை மட்டும் அனுமதித்திருந்தது. புதியது சொல்வதையெல்லாம் ஓசையில்லாமல் தூக்கி எறிந்துகொண்டிருந்தது. ஒரு வரி சேர்த்தாள். பம்பு பேசத் தொடங்கியது.

சரிதானா என்று பார்ப்பதற்காக விதிகளை இன்னொரு தடவை திரையில் வரவழைத்தாள். ஒவ்வொரு விதிக்குப் பக்கத்திலும் ஒரு எண் இருந்தது. அந்த விதி இதுவரை எத்தனை செய்திப் பொட்டலங்களைப் பிடித்தது என்ற கணக்கு. பழைய பெட்டியின் வரியில் எண் நின்றுவிட்டிருந்தது, புதியதின் வரியில் ஏறிக்கொண்டிருந்தது. அவள் எழுந்திருக்கப் போனாள்.

அப்போதுதான் கீழே இருந்த வரி கண்ணில் பட்டது. அது ஆண்டெனாவோடு இணைந்த வெளி இணைப்புக்கானது. 'வெளியிலிருந்து வரும் எதையும் உள்ளே விடாதே.' அதன் பக்கத்திலிருந்த எண்ணை ஒரே பார்வையில் படிக்க முடியவில்லை. விரலை வைத்து இலக்கம் இலக்கமாக எண்ண வேண்டியிருந்தது. கோடிகள்.

உமையாள் மறுபடி விதிகளை வரவழைத்தாள். கடைசி இலக்கம் ஒன்று கூடியிருந்தது.

இன்னொரு தடவை பார்த்தாள். இன்னும் ஒன்று.

அவள் வெகுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தாள்.  அவள் பார்க்கப் பார்க்க, ஆரஞ்சு மூட்டத்துக்கு அப்பால் எங்கிருந்தோ ஒன்று கிளம்பி, நூறு கோடி கிலோமீட்டருக்கு மேல் இருட்டில் வந்து, இந்தக் கதவைத் தொட்டு, இல்லை என்று திருப்பியனுப்பக்கூட ஆளில்லாமல் மறைந்துகொண்டிருப்பதாக அவளுக்குத் தோன்றியது. அடுத்தது வந்தது. அடுத்ததும் வந்தது. 

சுபைதாவைத் தேடிப் போய் அழைத்து வந்தாள். தலை முழுக்க நரைத்துவிட்ட சுபைதா நாற்காலியில் உட்காராமல், நின்றபடியே திரையைப் பார்த்தாள்.

"இது என்ன உமையா?"

"நம்மைக் கூப்பிடுறாங்க அக்கா. கூப்பிட்டுக்கிட்டே இருந்திருக்காங்க."

"ஏதாவது இரைச்சலா இருக்கும். சனியிலேர்ந்து எந்நேரமும் வருமே."

"இரைச்சல் இங்கே வரைக்கும் வராதுக்கா. அது ஆண்டெனாவிலேயே கழிஞ்சுடும். நம்ம முகவரி சரியா இருந்து, உள்ளே இருக்கிறது சிதையாம இருந்தாதான் இந்தக் கதவு வரைக்கும் வரும். இத்தனையும் நம்ம பேருக்கு வந்தது."

சுபைதா எண்ணின் இலக்கங்களைத் தானும் எண்ணிப் பார்த்தாள்.

"கரண்ட் போய் வந்துச்சே, அன்னையிலேர்ந்து இந்தக் கணக்கு," என்றாள் உமையாள். "நிலையம் கட்டும்போது, யாரையும் உள்ளே விடாதே, யாரையும் வெளியே விடாதேன்னு ஒரு ஆரம்ப விதி போட்டிருக்காங்க. தேவசகாயம் அண்ணன் வந்ததும் திறந்துவிட்டார். ஆனா அப்படித் திறந்ததை வட்டுல எழுதி வைக்கல. கணினி அணைஞ்சு எழுந்ததும் பழைய விதியை எடுத்துக்கிச்சு."

"மறந்துட்டாரா?"

"நாளைக்கு எழுதிக்கலாம்னு இருந்திருப்பார்."

சுபைதா திரைக்கு இன்னும் கிட்டே வந்தாள். "வெளியே விடாதேன்னு சொன்னியே. அப்போ நாம ரெண்டு வருஷம் கூப்பிட்டது?"

உமையாள் அடுத்த வரியைக் காட்டினாள். வெளியே போக விடாமல் நிறுத்தியவை. அங்கேயும் ஒரு எண் இருந்தது. முதல் எண்ணைவிட மிகச் சிறியது. ஆனால் அது அசையவில்லை.

"ஒண்ணுகூடப் போகலக்கா. பச்சை விளக்கு எரிஞ்சது, கருவி நல்லாத்தான் இருந்தது. ஆனா அதுக்கு எதுவுமே போய்ச் சேரல."

சுபைதா அப்போதுதான் உட்கார்ந்தாள். "மாசிலாமணி," என்றாள்.

மாசிலாமணி நிலவியலாளர். மகளின் சம்மதமில்லாமல் கிளம்பி வந்தவர். அந்த இரண்டு வருஷமும் வாரம் தவறாமல் மகளுக்குக் கடிதம் எழுதி அனுப்பினார். போன வருஷம் நெஞ்சுவலியில் இறந்துபோகும்போது சுபைதாதான் பக்கத்தில் இருந்தாள். கோபம் தீரவே இல்லை பாரு அவளுக்கு, என்று சிரிக்கப் பார்த்தாராம். அந்தச் சின்ன எண்ணுக்குள்தான் அவருடைய கடிதங்கள் எல்லாம் இருந்தன.



"உள்ளே வர விடு," என்றாள் சுபைதா கடைசியில். "என்னதான் சொல்றாங்கன்னு பாப்போம்."

உமையாள் வெளி இணைப்பின் இரண்டு பக்கக் கதவுகளையும் திறந்தாள். திறந்த கையோடு அதை வட்டில் எழுதிவைத்தாள். எழுதியதை ஒருமுறை படித்தும் பார்த்தாள். பிறகு வருவதைத் திரையில் ஓடவிட்டாள். ஒரே மாதிரியான வரிகள் வந்தன. பேச்சு இல்லை, கடிதம் இல்லை. பிங் மட்டுமே. இருக்கிறாயா? இருக்கிறாயா? இருக்கிறாயா?

"பதில் கிடைச்ச அப்புறம்தான் மத்ததெல்லாம் அனுப்புவாங்க போல," என்றாள் உமையாள். "ஆனா அக்கா, இந்த முகவரி நம்ம பழைய பட்டியல்ல இல்ல. பூமியில நமக்குத் தெரிஞ்ச எந்த நிலையத்தோடதும் இல்ல."

"அப்போ யாரு?"

"பதில் சொன்னாத்தான் தெரியும்."

பதில் சொல்ல அனுப்பும் கருவியை உயிர்ப்பிக்க வேண்டும். மின்சாரத்தைப் பார்த்துக்கொள்ளும் பரஞ்சோதியைக் கூப்பிட்டார்கள். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, வெகு நேரம் தாடையைத் தடவிக்கொண்டிருந்தார்.

"அனுப்புறதும் செடிக்கூடமும் சேர்ந்து ஓடாது," என்றார். "மின் உலை கிழடாயிடுச்சு. ஒண்ணை அணைச்சாத்தான் இன்னொண்ணு. சூடேற்றியை அணைச்சா செடி எவ்வளவு நேரம் தாங்கும் உமையா?"

"கம்பளி போர்த்தி வைக்கலாம். உருளைக்கிழங்கு மண்ணுக்குள்ள இருக்கு, பிழைச்சுக்கும். கீரை பாதி போகும். அவரை தாங்காது."

"அடுத்த அறுவடை வரைக்கும் குழந்தைங்களுக்கு என்ன போடுறது?"

"குறைச்சுச் சாப்பிடணும்."

"யாருன்னே தெரியாத ஒருத்தருக்காக," என்றார் பரஞ்சோதி. அதில் கோபம் இல்லை, கணக்குத்தான் இருந்தது. "பதினாலு வருஷத்துல அங்கே ஆளே இல்லாம, ஏதோ ஒரு மெஷின் மட்டும் தானா தட்டிக்கிட்டிருந்தா?"

"அப்படியும் இருக்கலாம் அண்ணே," என்றாள் உமையாள்.

சுபைதா எல்லோரையும் சாப்பாட்டு அறையில் கூட்டினாள். குழந்தைகளையும்தான். அவர்கள் சாப்பாட்டையும் சேர்த்துத்தானே கேட்கிறோம் என்றாள். மேசையில் தானே பூமியின் பெயரைச் சொன்னாள். பெரியவர்கள் சிலர் தலையைக் குனிந்துகொண்டார்கள். குழந்தைகளுக்கு அது பாடத்தில் படித்த சொல். நீல நிறம், வெளியே கவசமில்லாமல் நடக்கலாம், தண்ணீர் தானாக ஓடும் என்று மனப்பாடமாகச் சொல்வார்கள்.

வேண்டாம் என்றவர்களும் இருந்தார்கள். ஒருவர், நான் என் ஆட்களுக்கு ஒருமுறை அழுது முடித்துவிட்டேன், இன்னொரு முறை என்னால் ஆகாது என்று சொல்லிவிட்டு வெளியே போய் நடைக்கூடத்தில் நின்றுகொண்டார். அவரை யாரும் திரும்பக் கூப்பிடவில்லை. பாக்கிப் பேர் கையைத் தூக்கினார்கள். பரஞ்சோதி கடைசியாகத் தூக்கினார். பிறகு எல்லோரும் தங்கள் கம்பளிகளை எடுத்துக்கொண்டு செடிக்கூடத்துக்குப் போனார்கள். கைக்குழந்தையைப் போர்த்துவதுபோல் கீரைப் பாத்திகளைப் போர்த்தினார்கள். உமையாள் அவரைக் கொடிகளின் பக்கம் போகவில்லை.

சூடேற்றிகள் அணைந்தன. அனுப்பும் கருவியின் பச்சை விளக்கு எரிந்தது.

தொடர்பு அறைக்குள் பாதிப் பேர், வாசலில் பாதிப் பேர் நின்றார்கள். அந்தத் தெரியாத முகவரியைத் தட்டி, உமையாள் பிங் கொடுத்தாள். வழக்கமாகக் காத்திருக்கும் நேரத்தைக் கூட்டி வைத்திருந்தாள்.

"எல்லாரும் உட்காருங்க," என்றாள். "ஒளியோட வேகத்துலயே போனாலும் பூமிக்குப் போயிட்டு வர ரெண்டரை மணி நேரமாவது ஆகும்."

சிலர் தரையில் உட்கார்ந்தார்கள். யாரோ துளசித் தண்ணீர் காய்ச்சலாம் என்றார்கள். பரஞ்சோதி செடிக்கூடத்தின் வெப்பமானியைப் பார்த்து வரக் கிளம்பினார்.

திரையில் ஒரு வரி விழுந்தது.

உமையாள் அதை முதலில் நம்பவில்லை. நம் கணினியே தனக்குத்தானே பதில் சொல்லிக்கொள்கிறதோ என்று முகவரியைப் பார்த்தாள். இல்லை. அந்த முகவரிதான். இரண்டாவது வரி விழுந்தது, மூன்றாவது விழுந்தது. பக்கத்தில் போய்வந்த நேரம் இருந்தது. மூன்று விநாடிக்கும் குறைவு.

வாசலில் நின்றுவிட்ட பரஞ்சோதி, "எங்கேயோ தப்பு," என்றார்.

உமையாள் அந்த எண்ணின் மேல் விரலை வைத்தாள். "தப்பில்ல அண்ணே," என்றாள். "கிட்ட இருக்காங்க."

 அண்ணாந்து பார்த்தார்கள் சிலர், கூரையைத் துளைத்துக்கொண்டு தெரிந்துவிடும் என்பதுபோல. அந்த ஆரஞ்சு மூட்டத்துக்கு மேலே, சந்திரனுக்கும் பூமிக்கும் உள்ள தூரத்தில், ஒன்று வந்துகொண்டிருந்தது. பூமியிலிருந்து இங்கு வர ஏழு வருஷம் ஆகும். அப்படியானால் ஏழு வருஷத்துக்கு முன்பே கிளம்பியிருக்கிறது. அவர்கள் பூமியின் பெயரைச் சொல்லாமல் சாப்பிட்ட ஒவ்வொரு வேளையும் அது வந்துகொண்டே இருந்திருக்கிறது.

ஒலிபெருக்கி கரகரத்தது. ஒரு ஆணின் குரல். களைப்பான, நிதானமான குரல்.

"நெய்தல் நிலையக் கணினி. இது கொற்கை கப்பல். உங்கள் தானியங்கிப் பதில் கிடைத்தது. பதிவுக்காகச் சொல்கிறேன், நிலையத்தின் மின்சாரம் வேலை செய்கிறது. உள்ளறைகளின் வெப்பநிலையையும் காற்றழுத்தத்தையும் அனுப்பவும். உடல்கள் எந்த அறைகளில் இருக்கக்கூடும் என்று நாங்கள் கணிக்க வேண்டும்."

உடல்கள் என்ற சொல்லைக் கேட்டதும் அறையில் ஒருவர் வாயைப் பொத்திக்கொண்டார். உமையாள் ஒலிவாங்கியை எடுத்தாள். என்ன சொல்வதென்று யோசித்து வைக்கவே இல்லையே என்று அப்போதுதான் உறைத்தது.

"கணினி இல்லீங்க," என்றாள். "நான் உமையாள். செடிக்கூடம் பாத்துக்கிறேன். நாங்க உயிரோட இருக்கோம்."

மூன்று விநாடி போயிற்று. அதற்கு மேலும் போயிற்று. எதிர்ப்பக்கம் ஒலிவாங்கி திறந்தே இருந்தது. ஏதோ கீழே விழும் சத்தம் கேட்டது. யாரோ ஒருவர், திரும்பச் சொல்லச் சொல்லுங்க, என்றார். யாரோ அழுதார்கள்.

உமையாள் திரும்பச் சொன்னாள்.

குரல் வந்தபோது அதில் நிதானம் போயிருந்தது. "அம்மா, நாங்க... உங்களை ஊருக்கு எடுத்துட்டுப் போய் அடக்கம் பண்ணத்தான் வந்தோம். பதினாலு வருஷம் ஒரு சத்தமும் இல்ல. யாரும் இருப்பீங்கன்னு நினைக்கல. பிங் கொடுக்கிறது எங்க ஊர்ல ஒரு சடங்கு மாதிரி ஆயிடுச்சு. விடக்கூடாதுன்னு கொடுத்துக்கிட்டே வந்தோம். முப்பத்தொரு பெட்டி எடுத்து வந்திருக்கோம். உக்காந்து போக எங்களுக்கு மட்டும்தான் இடம் இருக்கு." அவர் நிறுத்தினார். "எத்தனை பேர் இருக்கீங்க?"

சுபைதா உமையாளிடமிருந்து ஒலிவாங்கியை வாங்கிக்கொண்டாள். "ஒன்பது பெட்டி தேவைப்படும்," என்றாள். ஒன்பது பெயர்களையும் சொன்னாள். தேவசகாயத்தில் ஆரம்பித்தாள். மாசிலாமணியின் பெயரில் மட்டும் கொஞ்சம் நின்றாள். அவர் மகளிடம் நான் பேச வேண்டும், முதலில் அதற்கு வழி செய்யுங்கள் என்றாள். பிறகு, "மத்தவங்க எல்லாம் இங்கேதான் இருக்கோம். இடம் இல்லாததைப் பத்தி அப்புறம் பேசலாம். முதல்ல இறங்கி வாங்க. சாப்பாடு கொஞ்சம் கம்மியா இருக்கும்," என்றாள். "இன்னொண்ணு. இங்கே பிறந்தவங்க பதினோரு பேர் இருக்காங்க."

"குழந்தைங்களா?"

"ஆமா."

 பிறகு அந்த மனிதர் ரொம்ப மெதுவாக, "அவங்களைப் பேசச் சொல்றீங்களா? யாராவது ஒருத்தர். எதுவா இருந்தாலும் சரி," என்றார்.

சுபைதா திரும்பிப் பார்த்தாள். குழந்தைகள் சுவரோடு ஒட்டிக்கொண்டு ஒலிபெருக்கியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நடைக்கூடத்தில் தனியாக நின்றிருந்தவரும் வாசலுக்கு வந்திருந்தார். பரஞ்சோதியின் பேத்தி அமிழ்தினிக்கு ஆறு வயது. அவள்தான் முன்னால் வந்தாள். சுபைதா ஒலிவாங்கியை அவள் வாய்க்கு நேராகப் பிடித்தாள்.

அமிழ்தினி நெற்றியைச் சுருக்கிக்கொண்டு, அறையில் இருந்த ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். அந்தக் குரல் யாருடையது என்று தேடுகிறாள் என்பது உமையாளுக்குப் புரிந்தது. பிறந்ததிலிருந்து அவள் கேட்ட எல்லாக் குரலுக்கும் ஒரு முகம் இருந்தது, எல்லா முகத்துக்கும் அவளுக்குப் பெயர் தெரியும். இதற்கு மட்டும் இல்லை.

கடைசியில் அவள் கேட்டாள். நெய்தல் நிலையத்தில் இதுவரை எந்தக் குழந்தைக்கும் அந்தக் கேள்வியைக் கேட்கத் தேவை இருந்ததில்லை.

"நீங்க யாரு?"